கனகம்மா சொன்ன சாட்சி

ஜனவரி 9, வியாழன்

இன்று பட்டினச்சேரிக்குப் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த வாரங்களைக் கழித்துவிட்டால், வியாழக்கிழமை போகாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. காரணம் ஒரு போஸ்டர்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, இவர் போனை நீட்டிவிட்டார். மூன்று மாதிரி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்கிறார். மூன்றிலும் இவர்தான், கோட்டுப் போட்டுக்கொண்டு. அந்தக் கோட்டு எங்கள் வீட்டு பீரோவில் கிடையாது. கம்ப்யூட்டரிலேயே மாட்டிவிட்டார்களாம். கீழே "பாஸ்டர் குணா டேனியல்". குணசேகரன் என்று மாமனார் ஆசையாக வைத்த பேர். பதினாலு வருஷமாக நான் குடித்தனம் நடத்துகிற ஆள். நடுவில் இந்த டேனியல் எங்கேயிருந்து வந்து சேர்ந்தார் என்று கேட்டேன்.

"பேர்ல ஒரு கம்பீரம் வேணும் பெர்சிஸ். ஜோயல் பிரதர்தான் போடச் சொன்னார்."

ஜோயல் பிரதர் திருச்சிக்காரர். சின்னச் சபைகளைப் பெரிதாக்கிக் கொடுப்பதுதான் அவருக்கு ஊழியம். போன மாசம் தருமபுரத்தில் எங்கள் ஷீட்டுக் கொட்டகையைப் பார்த்துவிட்டு, "நாப்பது பேர வெச்சுக்கிட்டு இன்னும் எத்தன வருஷம் பாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது இவருக்கு இந்தப் பைத்தியம். டவுனில் ஏ.சி. மண்டபம் பார்த்தாயிற்று. பிப்ரவரியில் மூன்று நாள் பெருவிழா. அதற்கு முன்னால் சபை மொத்தமும் உபவாச ஜெபம்.

கனகம்மா பாயை விரித்துப்போட்டுக் காத்திருந்திருக்கும். எங்கள் முதல் விசுவாசி அது. பட்டினச்சேரியிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் விற்க வந்து, நான் பேரம் பேசிய பேச்சில் சண்டையாகி, சண்டை சிநேகமாகி, அப்புறம் சபைக்கு வந்தது. மகன் கலைவாணன் போட்டில் போகிறான். அவனும் மருமகள் தீபாவும் அவர்கள் சாமியைக் கும்பிடுகிறார்கள். அதற்காக அந்த வீட்டில் ஒரு சண்டை வந்து நான் பார்த்ததில்லை. வியாழன் சாயங்காலம் அவர்கள் வாசலில் ஜெபம். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சும்மா வந்து உட்காருவார்கள். ஜெபம் முடிந்ததும் கனகம்மாவின் சர்க்கரை மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எத்தனை காலியாகியிருக்கிறது என்று பார்ப்பேன். கணக்கு டீச்சர் புத்தி. சரியாகப் போடவில்லை என்றால் திட்டு விழும். காலை நீட்டச் சொல்லி விரல் இடுக்கெல்லாம் பார்ப்பேன்.

"பாஸ்டரம்மா ஜெபத்துக்கு வருதா, செக்கிங்குக்கு வருதா?" என்று எல்லோர் முன்னாலும் கேலி பண்ணும்.

வரவில்லை என்று போனில் சொன்னேன். "பரவால்ல பாஸ்டரம்மா. பெரிய வேலையா இருக்கீங்க. அடுத்த வாரம் வாங்க" என்றது.

போஸ்டரில் இரண்டாவதைச் சொன்னேன். அதில்தான் கோட்டு கொஞ்சம் பொருந்தியிருந்தது.

ஜனவரி 23, வியாழன்

டிரம்ஸ்காரர் வியாழக்கிழமைதான் கிடைப்பாராம். இனி வியாழன் சாயங்காலம் பாட்டுக்குழு பிராக்டிஸ். பட்டினச்சேரி? "பெருவிழா முடியட்டும்" என்கிறார்.

பிப்ரவரி 8, சனி

கனகம்மா இன்று ஓடி வந்தது. நிஜமாகவே ஓட்டம். கூடையை வாசலில் வைத்துவிட்டுக் கையில் ஒரு துண்டுச்சீட்டோடு உள்ளே வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரோ முகாம் போட்டு இலவசமாகச் சர்க்கரை பார்த்தார்களாம். எப்போதும் இருநூற்றைம்பதுக்குக் கீழே இறங்காத ஆளுக்கு இன்று நூற்றுக்குள் வந்திருக்கிறது.

"போயிடுச்சு பாஸ்டரம்மா! சுகர் போயிடுச்சு!"

அழுகிறது, சிரிக்கிறது, மீன் கையோடு என்னைக் கட்டிக்கொண்டது. இவர் உள்ளேயிருந்து வந்து சீட்டை வாங்கிப் பார்த்தார். அப்படியே இரண்டு கையையும் தூக்கிக் கண்ணை மூடினார். கண்ணில் தண்ணீர். அது நடிப்பில்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கனகம்மா கூடையைத் தூக்கும்போது சொன்னேன். "மாத்திரைய நிறுத்திடாதீங்க." "நிறுத்தல, நிறுத்தல" என்று கையை ஆட்டிக்கொண்டே போய்விட்டது.

அப்புறம் இவரிடம் வாய் சும்மா இருக்கவில்லை. மாத்திரையும் போட்டுக்கொண்டு பொழுதெல்லாம் உபவாசமும் இருந்தால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும், மயக்கம் போட்டு ரோட்டில் விழாமல் இருந்ததே பெரிய கிருபை என்றேன்.

"நீ உபதேசியார் பொண்ணுதானே? விசுவாசமா ஒரு வார்த்த பேச வராதா உனக்கு?"

எங்கப்பா பொறையாறு பக்கம் உபதேசியார். யாருக்காவது முடியவில்லை என்றால் ஜெபமும் பண்ணுவார், ஆஸ்பத்திரிக்கு வண்டியும் பிடித்துக் கொடுப்பார். சொல்ல வாயெடுத்தேன். ஜோயல் பிரதரிடமிருந்து போன் வந்துவிட்டது. இவர் அவரிடம் முதலில் சொன்னதே இந்தச் சர்க்கரைச் செய்திதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

முடிந்தது. மண்டபம் வழிந்து வெளியே பந்தல் போட்டார்கள். திருமலைராயன்பட்டினம், நிரவி, நாகூரிலிருந்தெல்லாம் வேன் வந்தது. நான் இத்தனை ஜனத்தை ஒரே இடத்தில் இவர் முன்னால் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எதற்கு எழுதணும்?

கடைசி நாள் கனகம்மாவை மேடையில் ஏற்றினார்கள். தீபா தன்னுடைய கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டு அனுப்பியிருக்கிறாள். மாமியாருக்குக் கொசுவம் பிடித்து, ஊக்குக் குத்தி, பூ வைத்து. கனகம்மா மைக்கைப் பிடித்தது. "நான் மீன் விக்கிறவங்க" என்று ஆரம்பித்து நின்றுவிட்டது. இவர் பக்கத்தில் வந்து எடுத்துக் கொடுத்தார்.

"அம்மாவுக்கு எத்தன வருஷமா சர்க்கரை?"

"பத்து வருஷம்ங்க."

"இப்ப சர்க்கரை இருக்கா?"

"இல்லீங்க."

"ஜனங்களுக்குக் கேக்கல!"

"இல்ல!"

"எங்க போச்சு?"

"போயே போச்சு!"

மண்டபம் கிடுகிடுத்தது. கனகம்மா அந்தக் கைத்தட்டலைக் கேட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஒரு சிரிப்பு. அதற்கு ஆயுசில் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். நானும் தட்டினேன். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

மார்ச் 13, வியாழன்

சண்டை. பெரிய சண்டை.

கனகம்மா சாட்சியை யூடியூபில் போட்டு, "மீனவத் தாய்க்கு நடந்த அற்புதம்" என்று தலைப்பு வைத்து, அதை ஊரெல்லாம் பார்க்கிறது. ஞாயிறு காலையில் ஜனங்கள் வந்து உட்காருகிற நேரத்தில் பெரிய திரையிலும் அதுதான் ஓடுகிறது. இப்போதெல்லாம் மண்டபத்தில்தான் ஆராதனை. கனகம்மாவுக்கு முன்வரிசையில் நிரந்தர நாற்காலி. புதிதாக வருகிறவர்கள் அதன் கையைப் பிடித்து ஜெபிக்கச் சொல்கிறார்கள்.

இனிமேலாவது வியாழக்கிழமை பட்டினச்சேரிக்குப் போவோமா என்று கேட்டேன். அவ்வளவுதான்.

"பஸ் ஏறிப் போயி, வாசல்ல உக்காந்து, நாலு பேரோட பேசிட்டு வர்றோம். எட்டு வருஷத்துல அந்த ஊர்ல எத்தன பேர் வந்தாங்க? ஒரு ஆளு. இப்ப ஒரே ஒரு வீடியோ, லட்சம் பேர் பாத்திருக்காங்க. எது பெர்சிஸ் ஊழியம்?"

"அந்த லட்சத்துல ஒருத்தர் பேரு சொல்லுங்க பாப்போம்."

"உனக்குப் பொறாம."

பொறாமையா? யார்மேல்? ஆனால் ஒன்று, இவர் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. போன ஞாயிறு ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீடியோவைப் பார்த்துவிட்டு அவள் புருஷன் வந்தானாம், வந்ததிலிருந்து குடிக்கவில்லையாம். அதுவும் நிஜம்தானே? கூட்டம் கூடினால்தான் அவன் வந்திருக்கிறான். எங்கள் ஷீட்டுக் கொட்டகைக்கு வந்திருப்பானா?

தெரியவில்லை. சாம்பார் அடிப்பிடித்துப் போனதுதான் மிச்சம்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை. நாற்காலி போதாமல் பக்கத்து மண்டபத்தில் வாங்கிப் போட்டார்கள். கனகம்மா முன்வரிசையில். இளைத்திருக்கிறது. கன்னம் ஒட்டி, ரவிக்கை தோளில் தொங்குகிறது. "என்ன இப்படி இளைச்சிட்டீங்க?" என்றேன். "தடைக்காலம் ஆரம்பிச்சிடுச்சுல்ல பாஸ்டரம்மா, மீனு ஏது, சாப்பாடு ஏது" என்று சிரித்தது. தண்ணீர் பாட்டில் ஒன்றை முழுக்க அங்கேயே குடித்து முடித்தது. மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கேமராக்காரர் "பாஸ்டரம்மா, குடும்பமா ஒரு போட்டோ" என்று கூப்பிட்டுவிட்டார். திரும்பி வருவதற்குள் அதைச் சுற்றி ஆட்கள்.

ஜூன் 15, ஞாயிறு

பட்டினச்சேரிக்குப் போகணும். அடுத்த வாரம் கட்டாயம்.

ஜூலை 11, வெள்ளி

மாங்கனித் திருவிழாக் கூட்டம் ஊரை நிறைத்திருக்கிறது. இவர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு நடந்தே திரும்பினார், ஆட்டோ நுழையவில்லையாம். சட்டையெல்லாம் மாம்பழச் சாறு.

"எவ்ளோ ஜனம் பாத்தியா! நமக்கு எப்ப இப்படி வரும்?"

"அவங்க வீட்டு மாடியிலேர்ந்து பக்தியா மாம்பழம் எறியறாங்க. நீங்க என்ன எறியப் போறீங்க?"

சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு. ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். இந்த ஆளைத்தான் கட்டிக்கொண்டேன். சைக்கிள் கேரியரில் கிடார் கட்டிக்கொண்டு நெடுங்காட்டிலிருந்து வந்த ஆளை.

ஜூலை 24, வியாழன்

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆகணும்.

மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கே தீபா போன் பண்ணினாள். "அக்கா, அத்த கால்லேர்ந்து நாத்தம் வருதுக்கா. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்குது. அவரு கடலுக்குப் போயிருக்காரு. நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். எத்தனை மாசத்துக்கப்புறம் அந்த ரோடு! கனகம்மா உள் அறையில் பாயில் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டது. நான் புடவையை விலக்கினேன். கரையில் கிளிஞ்சல் கிழித்ததாம், மூன்று வாரம் ஆகிறதாம். மஞ்சளைப் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தது. துணியைப் பிரித்தேன். இரண்டு விரல் கருப்பு. பாதமெல்லாம் வீங்கி, உள்ளே சீழ்.

"மாத்திர எங்க?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"கனகம்மா, மாத்திர எங்கன்னு கேக்கறேன்!"

"சாட்சி சொன்ன அன்னிலேர்ந்து போடல பாஸ்டரம்மா."

"யாரு நிறுத்தச் சொன்னா? ஐயா சொன்னாரா?"

"யாரும் சொல்லல. பாஸ்டரய்யா பாவம், அவரு ஒண்ணும் சொல்லல." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னது. "அவ்ளோ ஜனத்துக்கு முன்னாடி போயே போச்சுன்னு சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து அதே வாயில மாத்திரையப் போட்டு முழுங்குனா, நான் பொய்ச்சாட்சிக்காரி ஆயிட மாட்டேனா? ஆஸ்பத்திரி வரிசையில போயி நின்னா நம்ம சபை ஆளு யாராச்சும் பாத்துட்டா? கர்த்தருக்கு அவமானம்ல? ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அந்தத் திரையில நானே சொல்றேன், இல்லன்னு. அதப் பாத்துட்டு வந்து எப்படிப் போடுறது?"

நான் என்ன பண்ணினேன்? தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அது என் முதுகைத் தடவிக் கொடுக்குது. "அழாதீங்க பாஸ்டரம்மா, சரியாயிடும்"ங்குது. அழுகிப்போன காலை வெச்சுக்கிட்டு எனக்கு ஆறுதல் சொல்லுது!

ஒரே ஒரு வியாழக்கிழமை. ஒரே ஒரு வியாழக்கிழமை வந்து அட்டையக் காட்டுன்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். டிரம்ஸ் அடிச்சுக்கிட்டு இருந்தோமே, கடவுளே, டிரம்ஸ் அடிச்சுக்கிட்டு இருந்தோமே.

ஆட்டோ வைத்துப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

ஜூலை 26, சனி

சர்க்கரை ஐநூறைத் தாண்டியிருக்கிறது. விஷம் மேலே ஏறுகிறதாம். முழங்காலுக்குக் கீழே எடுக்கணும் என்கிறார் டாக்டர்.

கலைவாணன் கரைக்கு வந்ததும் நேராக வந்துவிட்டான். வார்டு வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். சத்தம் போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை.

"அக்கா, மாத்திரைய நிறுத்தச் சொன்னது நீங்களா?"

"இல்ல தம்பி."

"பாஸ்டரா?"

"இல்ல."

"அந்தத் திருச்சிக்காரரா?"

"இல்ல தம்பி. யாரும் சொல்லல."

"யாருமே சொல்லாம எங்கம்மா எப்படிக்கா நிறுத்தும்?"

டீ வாங்கி வருகிறேன் என்று படியிறங்கிப் போய், கீழே சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 30, புதன்

எடுத்துவிட்டார்கள். இடது கால்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் மண்டபத்துக்குப் போனேன். திரையில் கனகம்மா. பட்டுப்புடவையில், இரண்டு காலில் நின்றுகொண்டு, "போயே போச்சு!" ஜனம் வந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக் கைதட்டுகிறது.

நிறுத்துங்கள் என்று ஆபரேட்டரிடம் சொன்னேன். பாஸ்டர் சொல்லணும் என்றார். மேடைக்குப் பின்னால் போய் இவரைப் பிடித்தேன். இவர் முகம் வெளுத்துத்தான் இருந்தது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

"சட்டுனு எடுத்தா ஏன்னு கேப்பாங்க பெர்சிஸ். புதுசா வந்தவங்க விசுவாசம் ஆட்டங்கண்டுடும். மெதுவா எடுத்துடலாம்."

"அந்தம்மாவப் போய்ப் பாத்தீங்களா?"

"போகணும்."

"போகணும்னா? பத்து நாளா கிடக்குது!"

"என்னால அந்த முகத்தப் பாக்க முடியல பெர்சிஸ்."

நான் திரும்பிப் போய் ஆபரேட்டர் மேஜைக்கு அடியில் குனிந்து, கைக்கு வந்த ஒயரையெல்லாம் பிடுங்கினேன். திரை அணைந்தது. கூடவே ஏ.சி.யும் அணைந்தது. யாரோ "கரண்ட் போயிடுச்சு" என்றார்கள். வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்றைக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கேமரா கிடையாது, டிரைவர் கிடையாது, ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்து. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். வேறெதுவும் வேணாம். மன்னிச்சிடுங்கம்மான்னு ஒரு வார்த்தை. தப்பு உங்கமேல இல்ல, எங்கமேலன்னு ஒரு வார்த்தை. இவர் "ம்" கொட்டிக்கொண்டே வந்தார்.

கனகம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை. கை இரண்டையும் கூப்பிக்கொண்டது.

"பாஸ்டரய்யா, என்னை மன்னிச்சிடுங்க. என் விசுவாசம் கொறஞ்சு போச்சு. சபை மானத்த வாங்கிட்டேன். நான் எந்திரிச்சு வந்து சபைக்கு முன்னாடி மன்னிப்புக் கேக்கறேன்."

நான் கட்டிலின் இந்தப் பக்கம் நின்று இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லு, சொல்லு, சொல்லித் தொலைங்களேன்! இவர் கனகம்மா தலையில் கை வைத்தார். கண்ணை மூடினார்.

"மன்னிச்சாச்சும்மா. கர்த்தர் மன்னிச்சுட்டார். சமாதானமா இருங்க."

கனகம்மாவுக்கு அப்படி ஒரு நிம்மதி. சிரித்துக்கொண்டே தூங்கிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் இவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "வாய் தானா சொல்லிடுச்சு பெர்சிஸ். யார் வந்து மன்னிப்புக் கேட்டாலும் அதத்தானே சொல்லிச் சொல்லிப் பழக்கம். சொல்லி முடிச்சப்பறம்தான் என்ன சொன்னேன்னு தெரிஞ்சுது. நாளைக்குப் போயி சரியாச் சொல்லிடறேன்."

நான் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். பேசினால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

உபவாச ஜெபம். இவர் போகவில்லை. "நாளைக்குக் கண்டிப்பா."

ஆகஸ்ட் 9, சனி

கனகம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. இவர் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, காதுக்குள் சொன்னார். மூன்று தடவை சொன்னார். அதற்குக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கனகம்மா போய்விட்டது. காலையில், ஆராதனை நடக்கிற நேரத்தில்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பட்டினச்சேரிக்கு இரண்டு பேரும் போனோம். தெருமுனையிலேயே கலைவாணன் வந்து நின்றான். குளித்த ஈரம் காயவில்லை.

"அக்கா, நீங்க உள்ள வாங்க. அவரு வேணாம்."

இவர் தலையாட்டினார். அங்கேயே வேலி ஓரமாக நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன். தீபா என்னைக் கட்டிக்கொண்டு கத்தினாள். வியாழக்கிழமை ஜெபத்துக்கு வந்து சும்மா உட்காரும் அந்தப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒருத்தி, "ஏன்மா நீங்க வர்றதையே நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர்கள் முறைப்படியே எடுத்தார்கள். ஊர்வலம் போகும்போது இவர் வேலியை ஒட்டி ஒதுங்கி நின்று கும்பிட்டார். வெயிலில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார், யாரும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. எனக்கு இவர்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டார். சபைக்கு முன்னால்.

நேற்று முழுக்கப் பட்டினி, யாரோடும் பேச்சில்லை. காலையில் கோட்டுப் போடாமல் வெறும் வெள்ளைச் சட்டையில் வந்தார். பிரசங்கம் ஆரம்பிக்கவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "கனகம்மாவுக்குச் சர்க்கரை போகல. போயிடுச்சுன்னு நாந்தான் அந்தம்மா வாயில போட்டேன். ஜனங்க கைதட்டணும்னு போட்டேன். அதுக்கு பயந்துதான் அந்தம்மா மாத்திரைய நிறுத்துச்சு. செத்துப்போச்சு. என்கிட்டயே மன்னிப்புக் கேட்டுட்டு செத்துப்போச்சு." அதற்குமேல் முடியாமல் மேடையிலேயே மண்டிபோட்டு அழுதார்.

எழுந்து ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்கணும் போலிருந்தது. இனி என்ன ஆனாலும் பரவாயில்லை, கொட்டகைக்கே திரும்பினாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

அப்போதுதான் கீபோர்டு கேட்டது. மெல்ல. பாஸ்டர் அழுதால் வாசிக்கணும் என்று கீபோர்டுக்காரருக்குப் பழக்கம். பின்னாலிருந்து ஒருத்தர் "அல்லேலூயா" என்றார். அப்புறம் நாலு பேர். அப்புறம் மண்டபமே கையைத் தூக்கிக்கொண்டு அழுகிறது. "என்னா தாழ்மை, என்னா தாழ்மை" என்று என் பக்கத்திலிருந்த அம்மா மூக்கைச் சிந்தினார். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினார். அதையும் ஆசீர்வாதம் என்று நினைத்துத் தலையைக் குனிந்தார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அதையும் வீடியோவாகப் போட்டுவிட்டார்கள். "மேடையில் உடைந்த பாஸ்டர்" என்று தலைப்பு. கனகம்மா வீடியோவைவிட இரண்டு மடங்கு பேர் பார்த்திருக்கிறார்கள். போன் ஓயவில்லை. ஜோயல் பிரதர் பேசினார். ஜனங்களுக்கு இப்போது இந்த உண்மைதான் வேண்டும் என்றாராம்.

"நான் சொன்னது ஒருத்தர் காதுலகூட விழலையா பெர்சிஸ்?" என்று இவர் கேட்டார்.

"எடுக்கச் சொல்லுங்க. இப்பவே போன் பண்ணி எடுக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்."

போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் கஞ்சி வைத்து இறக்கினேன், துணி மடித்தேன். அப்போதும் அப்படியே இருந்தார். நம்பரைப் போடவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

எடுக்கவில்லை. இனி கேட்க மாட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இப்போது காலையில் இரண்டு ஆராதனை. ஒன்றில் இடம் போதவில்லை. இவர் ஆறு மணிக்கே கிளம்பிப் போய்விட்டார். இட்லி வைத்துக் கொடுத்தேன், சட்டை தேய்த்துக் கொடுத்தேன். நீ வரவில்லையா என்று கேட்பதை இவர் நிறுத்திவிட்டார்.

நான் பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன், பெண்கள் வார்டு. கனகம்மா படுத்திருந்த கட்டிலில் இன்று நிரவியிலிருந்து ஒரு அம்மா. காலில் கட்டு. மகள் வேலைக்குப் போயிருக்கிறாளாம், பேச்சுத்துணைக்கு ஆளில்லை. உட்கார்ந்தேன்.

"நீங்க வேதக்காரங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்தார்.

"இந்த பாஸ்டரத் தெரியுமா உங்களுக்கு? அழுதாரு பாருங்க, நானும் சேந்து அழுதுட்டேன். எவ்ளோ பெரிய மனசு அவருக்கு! அவரு வந்து தலையில கைய வெச்சாப் போதும்மா, எனக்கு இந்தச் சுகர் மாத்திரையே வேணாம். அந்த மண்டபத்துக்கு எந்த பஸ்ல போறது?"

திரையில் இவர் மண்டிபோட்டிருந்தார். நான் அந்தப் போனை வாங்கி அணைத்து மேஜைமேல் வைத்தேன். பக்கத்தில் காலை மாத்திரை காகிதத்தில் மடித்தபடி அப்படியே இருந்தது.

"பஸ்ஸு அப்புறம் சொல்றேன். முதல்ல இதப் போடுங்க."

"அப்புறம் போட்டுக்கறேம்மா."

"இல்ல. நான் இருக்கும்போதே போடுங்க."

வெந்நீரை ஆற்றிக் கொடுத்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டார். முழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். "என்னம்மா நீங்க, நர்ஸ விட மோசமா இருக்கீங்க" என்று திறந்து காட்டினார். அப்புறம் பக்கத்துக் கட்டிலுக்குப் போனேன்.